மடிப்பில் எழுதியிருந்தது

உங்களில் எத்தனை பேருக்கு 'நாசகாரி' என்பது ஒரு கப்பல் என்று தெரியும்? வசவு என்றுதான் எல்லோருக்கும் தெரியும். நம் தெருக்களில் அதைக் கேட்காமல் யாரும் வளர்ந்திருக்க முடியாது. பால் திரிந்தால் நாசகாரி, கன்று செத்துப் பிறந்தால் நாசகாரி, மருமகள் வந்த வாரம் மழை பெய்தால் நாசகாரி. நாம் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது செய்தித்தாள்காரர்கள் போர்க்கப்பலில் ஒரு வகைக்கும் அதே பெயரைத்தான் போட்டார்கள். எதிரிக் கப்பலை விரட்டிப் போய் நாசம் செய்வதால் நாசகாரிக் கப்பல். எந்தப் புண்ணியவான் முதலில் அந்தப் பெயரை வைத்தானோ தெரியாது. அவன் வேறு ஒரு பெயரை யோசித்திருந்தால் எங்கள் வீட்டில் ஒரு குடும்பம் பிழைத்திருக்கும்.

வங்காளதேசச் சண்டை நடந்த அந்த மழைக்காலம் உங்களுக்கு நினைவிருக்கும். பஸ்ஸின் முன்விளக்கில் பாதிக்குக் கறுப்பு பூசியிருந்தார்கள். பொழுது சாய்ந்ததும் ஜன்னலில் கோணி தொங்கவிட வேண்டும். கடலில் நீர்மூழ்கி தெரிந்தது என்று புரளி. பெரியவர்கள் யாரும் அதைப் பார்க்கவில்லை. நம் வகுப்புப் பையன்கள் மட்டும் ஆளுக்கு இரண்டு தடவை பார்த்திருந்தார்கள். குண்டு விழுந்தால் பெஞ்சுக்கு அடியில் புகுந்துகொள்ளச் சொன்னார் வாத்தியார். நாம் தரையில் உட்கார்ந்துதான் படித்தோம் என்பது அவருக்கு அப்போது நினைவில்லை போலிருக்கிறது.

மரக்காணத்து உப்பளத்தில் மழைக்காலம் சும்மா இருக்கிற காலம். பாத்திகளின் வரப்பெல்லாம் தண்ணீருக்குள் போய், கண்ணுக்கு எட்டிய வரை ஒரே ஏரியாகக் கிடக்கும். சேற்றின் நாற்றம் சோறு வரைக்கும் வரும். போன பருவத்தில் விற்காத உப்பைக் கரைமேட்டில் அம்பாரமாகக் குவித்து, மேலே தென்னங்கீற்று வேய்ந்து, கயிறு கட்டிக் கல் தொங்கவிட்டிருப்பார்கள். எங்கள் அப்பாவுக்கு அந்த வருஷம் ஒரே ஒரு அம்பாரம்தான் மிஞ்சியிருந்தது. கீற்றைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு உள்ளே நுழைந்தால் வெளியே எவ்வளவு மழை பெய்தாலும் அங்கே நனையாது. என் சொந்த வீடு அது. அங்கே உட்கார்ந்து நான் செய்த காரியத்தைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

வீட்டில் அப்பா, அம்மா, அப்பாவின் அக்காவான அத்தை, நான், கைக்குழந்தையாக என் தம்பி. அதோடு அந்த வைகாசியில் வந்த சித்தி. அப்பாவின் தம்பி, என் சித்தப்பா, கடற்படையில் இருந்தார். மிலிட்டரிக் கப்பல் என்பதற்கு மேல் வீட்டில் யாருக்கும் விவரம் தெரியாது. லீவில் வந்து, மேற்கே இருக்கிற பிரம்மதேசம் கிராமத்துப் பெண்ணைக் கட்டிக்கொண்டு, இருபது நாள் இருந்துவிட்டுப் போனார். சித்திக்குப் பத்தொன்பது வயது. விவசாய வீட்டுப் பெண். கடலைத் தூரத்தில்கூடப் பார்த்ததில்லை. உப்புப் பாத்தியில் முதல் தடவை கால் வைத்தபோது, "ஐயோ, கண்ணு கூசுது" என்று முகத்தை மூடிக்கொண்டாள்.

அவள் வந்த நாலாம் நாள் கோடை மழை கொட்டியது. வாரி வரப்பில் போட்டிருந்த உப்பு அவ்வளவும் கரைந்து மறுபடியும் கடல்தண்ணீராகப் போய்விட்டது. மழை விட்டதும் அத்தை வாசலில் நின்று, சித்தி காதில் விழும்படி, "வந்தாடா நாசகாரி" என்றாள். அன்றிலிருந்து சித்திக்கு அதுதான் பெயர். "நாசகாரி, தண்ணி மொண்டாந்தியா?" "நாசகாரி, அடுப்பப் பாரு." கோபம்கூட இல்லாமல், கூப்பிடுகிற பெயராகவே அது ஆகிவிட்டது.

முதல் தடவை சித்தப்பா காதில் அது விழுந்தபோது நான் பக்கத்தில் இருந்தேன். அவர் சட்டென்று சிரித்துவிட்டார். வாய்விட்டு, தலையை ஆட்டி ஆட்டிச் சிரித்தார். சித்தி குடத்தை இடுப்பில் வைத்தபடி அவரைப் பார்த்தாள். ஏன் சிரிக்கிறார் என்று யாரும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. புதுப் பெண்டாட்டியைப் பற்றி அக்கா முன்னால் ஒரு வார்த்தை பேசினாலும், "இப்பவே முந்தானைய புடிச்சிக்கினான்" என்பார்கள். அதற்குப் பயந்துகொண்டு ஆம்பிளைகள் வாயை மூடிக்கொண்டிருந்த காலம் அது. அந்தப் பயத்தை நாம் மரியாதை என்று சொல்லிக்கொண்டோம்.

எங்கள் வீட்டில் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அப்பா கையெழுத்து மட்டும் போடுவார். சித்தப்பாவின் கடிதங்கள் அப்பா பெயருக்கு வரும். பெண்டாட்டிக்குத் தனியாகக் கடிதம் போடுகிற வழக்கம் எங்கள் பக்கம் கிடையாது. போட்டாலும் சித்திக்கு எழுத்து தெரியாது. எல்லோரையும் உட்காரவைத்து நான் படிப்பேன். "தடுக்காம படிப்பா எங்க பொண்ணு" என்று அப்பா ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். டீக்கடையில்கூட என்னை நிறுத்தி ஏதாவது துண்டுக் காகிதத்தைப் படிக்கச் சொல்வார்கள். பத்து வயதில் எனக்கு இருந்த ஒரே சொத்து அந்தப் பெயர். சத்தம் போட்டு, தடுக்காமல், மூச்சு விடாமல் படிப்பேன். புரிந்து படிக்க வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

சண்டை ஆரம்பித்த பிறகு கடிதம் வரவில்லை. டீக்கடை ரேடியோவில் கப்பல், கடல் என்று ஏதாவது காதில் விழுந்தால் சித்தி செய்கிற வேலையை நிறுத்திவிடுவாள். தினமும் தபால்காரர் வரும் நேரத்துக்கு வாசலுக்கு ஏதாவது ஒரு வேலையை எடுத்துக்கொண்டு வருவாள். புடைத்த அரிசியையே திரும்பப் புடைப்பாள். அவர் சைக்கிள் எங்கள் வீட்டைத் தாண்டிப் போனதும் முறத்தோடு உள்ளே போய்விடுவாள்.

ஒரு நாள் நான் பள்ளிக்கூடத்திலிருந்து மத்தியானச் சோற்றுக்கு வரும் வழியில் தபால்காரர் என்னை நிறுத்திக் கடிதத்தைக் கையில் கொடுத்தார். நீல நிற இன்லண்டு லெட்டர். குடைக்குள் வைத்துப் பத்திரமாகத்தான் கொடுத்தார். சந்தோஷத்தில் அதைத் தலைக்கு மேலே ஆட்டிக்கொண்டு மழையில் ஓடியவள் நான்தான். வீட்டுக்குள் வந்து பிரித்தபோது ஒரு பக்கம் மை ஊறிப்போயிருந்தது.

அப்பா கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்தார். அத்தை தூணில் சாய்ந்துகொண்டாள். அம்மா அடுப்பங்கரை வாசலில். சித்தி அவளுக்குப் பின்னால், கதவை ஒட்டி நின்றாள். நான் நடுவில் நின்றுகொண்டு ஆரம்பித்தேன்.

"அன்புள்ள அண்ணாவுக்குத் தம்பி வணங்கி எழுதிக்கொள்வது. நான் நலம். எங்கே இருக்கிறேன் என்று எழுதக்கூடாது. வேலை அதிகம். தூக்கம் இல்லை. இந்த நாசகாரியை விட்டு..."

அங்கேதான் மை ஊறியிருந்தது. ஒரு வார்த்தை நீலமாகப் பரவி, முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் மட்டும் தெரிந்தன. அதற்கு அப்புறம் "பிறகுதான் வீட்டுக்கு வருவேன்" என்று தெளிவாக இருந்தது. எல்லோரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "இன்னாடி, தடுக்குது?" என்றாள் அத்தை. தடுக்குது என்று சொன்னதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அந்த வார்த்தையை விட்டுவிட்டு, முன்னும் பின்னும் ஒட்டவைத்து, ஒரே மூச்சில் படித்தேன்.

"இந்த நாசகாரியை விட்ட பிறகுதான் வீட்டுக்கு வருவேன். அதுவரை என்னை எதிர்பார்க்க வேண்டாம்."

அத்தை எழுந்தாள். "கேட்டியா தம்பி? நான் சொன்னா பொல்லாதவ. கடலுக்கு அந்தாண்ட இருக்குறவனுக்கே தெரிஞ்சிருக்குது பாரு" என்று சத்தம் போட்டாள். அப்பா, "இரு, இரு, அவன் அப்படி எழுதறவன் இல்ல" என்றார். அத்தை கத்த, அப்பா கத்த, என் தம்பி அழ, கடிதத்தில் மிச்சம் இருப்பதை யாரும் கேட்கவில்லை. நான் அதைக் கம்பியில் குத்திவிட்டேன். நம் எல்லோர் வீட்டிலும் இருக்குமே, கடிதங்களையும் வரி ரசீதையும் குத்தி மாட்டுகிற வளைந்த கம்பி, அதில்.

சித்தி அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு இவ்வளவு நாள் நினைவிருக்காது. கதவை ஒட்டி நின்றவள் அப்படியே உள்ளே போய், எல்லோருக்கும் சோறு போட்டாள். எனக்கு மோர் ஊற்றும்போது, "நல்லா படிச்ச பாப்பா" என்றாள். கிண்டல் இல்லை. எப்போதும் சொல்வதுதான். அன்றைக்கும் சொன்னாள்.

சாயங்காலம் அப்பா, "நாளைக்கு அந்தக் கடுதாசிய வாத்தியாராண்ட குடுத்து இன்னொரு தரம் படிக்கச் சொல்லிப் பாக்கலாம்" என்றார். வாத்தியார் அந்த ஊறிய வார்த்தையைக் கண்டுபிடித்துவிடுவார். 'உன் பொண்ணு முழுங்கிட்டாப்பா' என்று அப்பாவிடம் சொல்வார். டீக்கடையில் சொல்வார். என் கவலை முழுவதும் அதுதான். சித்தியைப் பற்றி நான் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. பொய் சொல்லி உங்களிடம் நல்ல பெயர் வாங்குகிற வயதை நான் தாண்டிவிட்டேன்.

காலையில் யாரும் எழுவதற்கு முன் கடிதத்தைக் கம்பியிலிருந்து உருவி, பாவாடையில் செருகிக்கொண்டேன். பள்ளிக்கூடத்துக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு உப்பு அம்பாரத்துக்குப் போனேன். கீற்றுக்குள் நுழைந்து, வெளிச்சம் வரும் இடத்தில் கடிதத்தை விரித்தேன். காய்ந்த பிறகு அந்த வார்த்தை கொஞ்சம் தெளிந்திருந்தது. 'இறங்கிய.' இந்த நாசகாரியை விட்டு இறங்கிய பிறகுதான் வீட்டுக்கு வருவேன். பெண்டாட்டியை விட்டு எப்படி இறங்குவது? எனக்குப் புரியவில்லை. இன்லண்டு லெட்டரில் ஒட்டுகிற மடிப்பு ஒன்று இருக்குமே, எழுத இடம் போதாதபோது பொடி எழுத்தில் நெருக்கி எழுதுவோமே, அதைப் பிரித்தேன். அங்கேயும் எழுதியிருந்தது.

முழுவதும் படித்தேன். இரண்டாம் தடவை படித்தபோது புரிந்தது. ஓடிப் போய் எல்லோருக்கும் படித்துக் காட்ட வேண்டும் என்றும் தோன்றியது. எழுந்து கீற்றைத் தூக்கினேன்.

வெளியே, பிரம்மதேசம் போகிற பாதையில் எங்கள் மாட்டுவண்டி போய்க்கொண்டிருந்தது. அப்பா ஓட்டினார். பின்னால் சித்தி ஒரு தகரப் பெட்டியோடு, தலையில் கோணியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "என்னை எங்க வூட்டுல வுட்டுடுங்க மாமா" என்று அவளேதான் கேட்டாளாம். தம்பி சொல்லுக்கு மதிப்புக் கொடுப்பதாக நினைத்துக்கொண்டு அப்பாவும் வண்டி கட்டியிருக்கிறார். அத்தை அப்பாவைவிடக் குரலில் பெரியவள், அவ்வளவுதான். கெட்டவர்கள் என்று எங்கள் வீட்டில் யாரும் இல்லை.

நான் கூப்பிட்டிருந்தால் கேட்டிருக்கும். அவ்வளவு பக்கம்தான். சித்தியின் முகம் என் பக்கம்தான் இருந்தது. ஆனால் பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டியவள் அம்பாரத்துக்குள் ஏன் இருக்கிறாய், கடிதம் உன் கையில் எப்படி வந்தது என்று கேட்பார்களே. வண்டி வேலிக்காத்தான் புதருக்குப் பின்னால் மறையும் வரை கையில் கடிதத்தோடு நின்றேன். பிறகு அதை நாலாக மடித்துக் கீற்றுக்கும் உப்புக்கும் நடுவில் ஆழமாகச் செருகினேன்.

கடிதத்தைத் தேடினார்கள். "அவதான் எடுத்துக்கினு போயிருப்பா" என்றாள் அத்தை. சண்டை முடிந்தது. தை மாதம் வியாபாரி வந்து அம்பாரத்தைப் பிரித்தான். மக்கிய கீற்றையெல்லாம் கூட்டிக் கொளுத்தினார்கள். நான் தூரத்தில் நின்று பார்த்தேன். உப்பு படிந்த கீற்று எரியும்போது படபடவென்று பொரியும். அந்தக் கடிதத்துக்குத் தனியாக ஒரு சத்தமும் வரவில்லை. அதற்குள் நான் கள்ளத்தனமாகப் போய்ப் போய்ப் படித்து, அது எனக்கு மனப்பாடமாகியிருந்தது.

மாசியில் சித்தப்பா வந்தார். பாத்தியில் மண் மிதிக்கிற வேலை தொடங்கியிருந்தது. வரிசையாக நின்று காலால் மிதித்துத் தரையை இறுக்குவார்கள். முழங்கால் வரை சேறோடு நின்ற அப்பா, தம்பியைப் பார்த்ததும் அப்படியே கரையேறி வந்தார். சித்தப்பா இளைத்துப் போய், கைகளில் தீப்பட்ட வடுக்களோடு இருந்தார். முதல் வேலையாக எனக்கு ஒரு பேனா கொடுத்தார். தங்க நிற மூடி போட்ட மை பேனா. "நீ படிக்கறதாலதானே பாப்பா நான் எழுதறேன்" என்றார். பிறகு வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "எங்க அவ?" என்று கேட்டார்.

சொன்னார்கள். அவர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். "ஐயோ, அது கப்பலுண்ணே! என் கப்பல்! பேப்பர்ல அப்படித்தாண்ணே போடுறான். எங்க கூட வேல செய்யுற நம்ம ஊருப் பசங்க எல்லாம் அப்படித்தான் கூப்புடுவோம்."

"கப்பலுக்கு எவனாவது அப்படி பேரு வெப்பானா?" என்றாள் அத்தை.

அவர் டீக்கடைக்கு ஓடி, பலகாரம் மடிக்க வைத்திருந்த பழைய பேப்பர்களைக் கிளறி, அந்த வார்த்தை அச்சடித்த ஒரு தாளோடு வந்தார். அப்பாவின் சைக்கிளை எடுத்தார். "வா பாப்பா, நீதான் படிச்சிக் காட்டணும்" என்று என்னை முன்பாரில் உட்காரவைத்துக்கொண்டார். பிரம்மதேசம் வரை பேசிக்கொண்டே மிதித்தார். கப்பலின் அடியில் கொதிகலன் இருக்குமாம். அதில்தான் அவருக்கு வேலை. அதற்கு ஊற்றுகிற தண்ணீரில் ஒரு துளி உப்பு சேர்ந்தாலும் குழாய்கள் பாழாகிவிடுமாம். "உப்பு வாருற வூட்டுல பொறந்துட்டு, தண்ணில உப்பு இருக்குதானு பாக்குற வேல பாரு எனக்கு" என்று சிரித்தார். சித்தி தன்னோடு வந்துவிடுவாள் என்று அவருக்கு அவ்வளவு நிச்சயம்.

சித்தி மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்தாள். எழுந்து நின்றாள். அவளுடைய அண்ணன் நாற்காலி போட்டார். சித்தப்பா உட்காராமல் பேப்பரை நீட்டினார். அண்ணன் எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "ஆமாம்மா, கப்பல்னுதான் போட்டிருக்குது" என்றார்.

சித்தி தலையாட்டினாள். "சரி. கப்பலுதான். கடுதாசில எழுதினது என்னை இல்ல. நம்பறேன்." கையிலிருந்த கடலையை முறத்தில் போட்டுவிட்டு, "உங்க அக்கா என்னை அப்படிக் கூப்புட்டாங்களே, அது கப்பல இல்லியே? நீங்க சிரிச்சீங்களே" என்றாள்.

"நான் கப்பல நெனச்சிச் சிரிச்சேன்."

"எனக்கு எப்படித் தெரியும்? வேணாக்கா, அப்படிக் கூப்புடாதனு ஒரு வார்த்த சொன்னீங்களா? அங்க இருக்கும்போது சொல்லல. போய் எழுதியாவது சொன்னீங்களா?"

"எழுதினேன்" என்றார் சித்தப்பா. "அதே கடுதாசில, மடிப்புல எழுதினேன். அதைத்தான் எழுதினேன். இதோ இவதான படிச்சா? கேளு." என் பக்கம் திரும்பினார். "சொல்லு பாப்பா. மடிப்புல இன்னா எழுதியிருந்தேன்?"

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். புதுப் பேனா என் சட்டையில் குத்தியிருந்தது. ஒரு வாய் திறந்தால் போதும். எனக்கு அது ஒரு எழுத்து தடுக்காமல் வரும். ஆனால் மடிப்பைப் படித்தேன் என்றால் எப்போது படித்தாய் என்று கேட்பார்கள். படித்துவிட்டு ஏன் சொல்லவில்லை, கடிதம் எங்கே என்று கேட்பார்கள்.

"மடிப்புல ஒண்ணுமே இல்ல சித்தப்பா" என்றேன்.

சித்தப்பா என்னைத் திட்டவில்லை. ஏதோ கணக்குத் தப்பிப் போனவர் மாதிரி என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். தூக்கமில்லாத நாட்களில் எழுதியது, எழுதியதாக நினைத்துக்கொண்டு எழுதாமலே விட்டுவிட்டோமோ என்று அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. அதை அவர் முகத்தில் நான் பார்த்தேன். சித்தி உள்ளே போய் ஒரு செம்புத் தண்ணீர் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தாள். அவர் குடித்தார். இருவரும் சேர்ந்து இருந்தது அதோடு சரி.

அதற்கு அப்புறம் லீவில் வரும்போதெல்லாம் பிரம்மதேசம் போவார். நாற்காலியில் உட்கார்ந்து, தண்ணீர் குடித்துவிட்டு வருவார். அவர் சித்தி பெயருக்குப் போட்ட கடிதங்களை அவள் பிரிக்காமல் திருப்பி அனுப்பினாள். சில வருஷங்களில் லீவுக்கு வருவதும் நின்றது. கடற்படையை விட்ட பிறகு விசாகப்பட்டினத்திலேயே தங்கிவிட்டார். வேறு கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சித்தியும் அண்ணன் வீட்டு நிலத்தில் பாடுபட்டுக்கொண்டு அங்கேயே இருந்துவிட்டாள். தாலியைக் கழற்றவில்லை. அவர் அங்கேயே செத்துப்போனார் என்று தகவல் வந்தபோது எல்லாம் முடிந்து மூன்று நாள் ஆகியிருந்தது.

நடுவில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். சொல்லியிருக்கலாம். என் கல்யாணத்துக்குச் சித்தி வந்திருந்தாள், அன்று சொல்லியிருக்கலாம். அத்தை செத்த அன்று சொல்லியிருக்கலாம். வருஷம் கூடக் கூடச் சொல்வது எளிதாகும் என்று நினைத்தேன். பத்து வயதில் சொல்லியிருந்தால் ஒரு அறையோடு போயிருக்கும். முப்பது வயதில் குடும்பமே காறித் துப்பியிருக்கும். நான் முப்பத்திரண்டு வருஷம் வாத்தியாரம்மாவாக இருந்தேன். பிள்ளைகள் படிக்கும்போது ஒரு வார்த்தையைத் தாண்டினால் எனக்கு வருகிற கோபம் பள்ளிக்கூடத்தில் பிரசித்தம். தடுக்கினால் தடுக்கட்டும், தாண்டாதே என்று பிரம்பால் மேசையைத் தட்டுவேன். எதற்கு அவ்வளவு கோபம் என்று பிள்ளைகளுக்குத் தெரியாது. அந்தப் பேனாவை நான் ஒரு நாளும் மை ஊற்றி எழுதவில்லை. எந்த வீடு மாறும்போது தொலைந்தது என்றுகூடத் தெரியவில்லை.

போன மாசியில் ஒரு பெரியவர் போன் செய்தார். சித்தப்பாவோடு அதே கப்பலில், அதே கொதிகலன் அறையில் இருந்தவராம். நாகப்பட்டினத்துக்காரர், இப்போது புதுச்சேரியில் இருக்கிறார். சண்டைக் காலத்தில் அந்தக் கப்பலில் இருந்தவர்களைப் பற்றிய நினைவுகளை வீடு வீடாகப் போய் எழுதி வாங்குகிறார். முக்கால்வாசிப் பேர் போய்விட்டதால் அவர்கள் குடும்பத்தைத் தேடுகிறார். நான் மரக்காணம் பஸ் ஸ்டாண்டில் அவரைக் கூட்டிக்கொண்டு பிரம்மதேசம் போனேன்.

சித்திக்கு எழுபது தாண்டிவிட்டது. கண் நன்றாகத் தெரிகிறது, காதும் கேட்கிறது. அவரை வரவேற்று, சித்தப்பா உட்கார்ந்த அதே இடத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டாள். அவர் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு பேசினார். சண்டை நாட்களில் எட்டு நாள் காலிலிருந்து பூட்ஸைக் கழற்றவில்லையாம். கொதிகலன் அறையில் இரும்பைத் தொட்டால் தோல் ஒட்டிக்கொள்ளுமாம். மேலே குண்டு போடுகிற அதிர்ச்சி மட்டும் வருமாம், என்ன நடக்கிறது என்று கீழே யாருக்கும் தெரியாதாம்.

"உங்க வீட்டுக்காரருக்கு நாக்குதாம்மா மீட்டரு" என்றார். "கருவி காட்டறதுக்கு முன்னாடி தண்ணிய நாக்குல வெச்சே உப்பு ஏறிடுச்சினு சொல்லிடுவாரு. வேர்வையில உடம்பு உப்பெல்லாம் போயிடும்னு எங்களுக்கு உப்பு மாத்திரை குடுப்பாங்க. அதை வாங்க மாட்டாரு. துணியில முடிஞ்சி ஊரு உப்பு வெச்சிருந்தாரு. வீட்டுல முடிஞ்சி குடுத்ததும்பாரு. யாருக்கும் தரமாட்டாரு."

சித்தி தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ரெண்டு பிடி போட்டு முடிஞ்சேன்" என்றாள்.

"அவரு உங்களுக்குப் போட்ட கடுதாசி ஏதாவது இருந்தா ஒரு போட்டோ எடுத்துக்குறேன்" என்றார் அவர். "சண்டை நேரத்துக் கடுதாசியா இருந்தா ரொம்ப நல்லது."

"கடுதாசியா? எனக்கு ஒண்ணும் இல்லீங்கண்ணே" என்றாள் சித்தி. அவர் நோட்டில் 'கடிதம் இல்லை' என்று எழுதியதை நான் பார்த்தேன்.

நான் பேச ஆரம்பித்தது எனக்கே தெரியவில்லை. ஊறிய வார்த்தை, அம்பாரம், வண்டி, இதே இடத்தில் நான் சொன்ன பொய், எல்லாவற்றையும் சொன்னேன். அந்த மனிதர் பேனாவை மூடிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். முடித்ததும், "மடிப்புல இன்னா இருந்துச்சு?" என்று மட்டும் கேட்டாள் சித்தி.

அறுபது தாண்டிய நான் அவள் எதிரில் எழுந்து நின்றேன். உட்கார்ந்துகொண்டு சொல்ல முடியவில்லை.

"அண்ணா, இன்னொரு விஷயம். அக்கா அவளை நாசகாரி என்று கூப்பிடுவதை நீங்கள்தான் நிறுத்த வேண்டும். எங்கள் கப்பலுக்கும் பேப்பரில் அந்தப் பெயர்தான். அதனால் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தது தப்பு. அவள் முகம் வாடியதைப் பார்த்தேன். எனக்குச் சொல்லத் தைரியம் வரவில்லை. அந்தப் பெயர் என் கப்பலுக்கே இருக்கட்டும். அவளுக்கு..."

இத்தனை வருஷம் ஒரு எழுத்து தடுக்காமல் மனத்துக்குள் ஓடியது, அந்த இடத்தில் தடுக்கியது. சித்தி காத்திருந்தாள்.

"அவளுக்கு வேண்டாம். அவள் கட்டிக் கொடுத்த உப்பு இன்னும் இருக்கிறது என்று சொல்லவும். இதை அவளையும் வைத்துக்கொண்டு படிக்கச் சொல்லவும்."

சித்தி என் பக்கம் திரும்பவில்லை. மன்னிக்கிற பேச்சோ திட்டுகிற பேச்சோ அவளிடமிருந்து வரவில்லை. அன்றைக்கு வரவில்லை, இன்று வரைக்கும் வரவில்லை. அவள் அந்தப் பெரியவரின் நோட்டைக் கையால் காட்டினாள்.

"அதை அடிச்சிடுங்கண்ணே. எனக்கு ஒரு கடுதாசி வந்துதுனு எழுதிக்குங்க."

அவர் பேனாவைத் திறந்தார். எழுதிவிட்டு, பழக்கத்தில் கேட்டுவிட்டார். "எப்பம்மா வந்துச்சு?"

"இன்னைக்குத்தான்" என்றாள் சித்தி.